செவாலியே என்பது எந்த விருது? – பிரான்சின் தேசியத் தகுதி விருது பிறந்த வரலாறு



நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்களின் பெயரோடு 'செவாலியே' என்னும் சொல்லையும் சேர்த்தே எழுதுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. சென்னை தியாகராய நகரில் அவர் வாழ்ந்த இல்லம் அமைந்துள்ள சாலைக்கும் 'செவாலியே சிவாஜி கணேசன் சாலை' என்றே பெயர். 2016-ஆம் ஆண்டில் கமல்ஹாசன் அவர்களுக்கும் அச்சிறப்பு அறிவிக்கப்பட்டபோது, 'கமலுக்குச் செவாலியே விருது' என்றே பேசிக்கொண்டோம்.

உண்மையில், செவாலியே என்பது ஒரு விருதின் பெயரன்று. அஃது ஒரு படிநிலையின் பெயர். பிரெஞ்சு மொழியில் 'செவால்' என்றால் குதிரை. குதிரை ஏறிப் போர்புரியும் வீரரே 'செவாலியே'. பிரான்சு நாட்டின் பல விருதுகளிலும் தொடக்கப் படிநிலைக்கு இப்பெயரே வழங்குகிறது. எனவே, ஒருவரைச் செவாலியே என்று சொன்னால், "எந்த விருதில் செவாலியே?" என்று அடுத்துக் கேட்க வேண்டும். சிவாஜி அவர்கள் 1995-இல் பெற்றது 'கலை இலக்கிய விருது' எனப்படும் விருதின் செவாலியே நிலையாகும். கமல்ஹாசன் பெற்றதும் அதுவே.

இதைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது என் கவனத்தை ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. 1963-ஆம் ஆண்டில் பிரான்சு அரசு ஒரே ஆணையின்வழி 16 விருதுகளை நிறுத்திவிட்டு, அவற்றிற்கு மாற்றாக ஒரே ஒரு விருதை நிறுவியது. அதற்குத் 'தேசியத் தகுதி விருது' என்று பெயர். அவ்வாறு கழிக்கப்படாமல் தப்பிய விருதுகள் நான்கு மட்டுமே. அவற்றுள் ஒன்று கலைஞர்களுக்கு உரியது; சிவாஜி பெற்ற விருது அதுதான். மற்றொன்று ஆசிரியர்களுக்கு உரியது. ஒரு நாடு தன் விருதுகளை ஏன் வெட்டிக் குறைக்க வேண்டும்? ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்தும் நமக்கும் இக்கேள்வியில் பங்கு இருப்பதால், இவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பால் கிடைத்த பெருமை

'ஆர்டர்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவது பதக்கத்தைக் குறிப்பதன்று. அஃது உறுப்பினர்களைக் கொண்ட ஒரு குழாம். பதக்கம் அக்குழாமின் அடையாளம் மட்டுமே. பழங்காலத்தில் மன்னர் தமக்கு நெருங்கிய வீரர்களைச் சேர்த்து இத்தகைய குழாம்களை அமைத்தார்.

பிரான்சில் மூன்றாம் என்றி மன்னர் 1578-இல் நிறுவிய 'தூய ஆவி' குழாம் மிகவும் புகழ் பெற்றது. அதன் உறுப்பினர்கள் நீல நிறப் பட்டு நாடாவை அணிந்தனர். அந்நாடாவைக் குறிக்கும் 'கோர்தோன் புளூ' என்ற பெயர் பிற்காலத்தில் சிறந்த சமையற்கலைஞர்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அக்குழாமில் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும். பதினான்காம் லூயி மன்னர் 1693-இல் தொடங்கிய 'தூய லூயி' குழாம் உயர்குடியினர் அல்லாத படை அதிகாரிகளையும் ஏற்றது. ஆயினும், அவர்கள் கத்தோலிக்கராக இருத்தல் வேண்டும். புராட்டசுடாந்து சமயத்தைச் சேர்ந்த அதிகாரிகளுக்கென 1759-இல் தனியொரு பதக்கத்தை உண்டாக்க வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. எல்லாரும் நிகர் என்று முழங்கிய புரட்சியாளர்கள் 1791-இல் இக்குழாம்களை ஒழித்தனர். எனினும், போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைப்பவனை எவ்வாறு பாராட்டுவது என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்காக 'மதிப்புக் கருவிகள்' வழங்கப்பட்டன. பெயர் பொறித்த வாள், துப்பாக்கி, முரசடிக்கும் வீரனுக்கு வெள்ளிப்பூண் கட்டிய குச்சிகள் என அவை பலவகைப்பட்டன.

கிலுகிலுப்பையா, சிறப்பா?

1802-ஆம் ஆண்டில் நெப்போலியன் இன்னும் பேரரசர் ஆகவில்லை. குடியரசின் முதல் கான்சல் என்னும் பதவியில் இருந்தார். அவர் முன்மொழிந்ததே 'லெஜியன் ஆஃப் ஹானர்' என்று நாம் அறிந்திருக்கும் விருது. படைவீரரும் பொதுமக்களும், உயர்குடியினரும் உழவர் மகனும் ஒரே குழாமில் இடம்பெறலாம் என்பதே அதன் புதுமை.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அரசவை உறுப்பினர் ஒருவர் இத்தகைய பதக்கங்கள் முடியாட்சியின் கிலுகிலுப்பைகள் என்றார். மனிதர்களை நடத்திச் செல்வன இக்கிலுகிலுப்பைகளே என்று நெப்போலியன் விடையிறுத்ததாக அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். மன்றங்களில் வாக்கெடுப்பு நடந்தபோது ஓர் அவையில் 56-க்கு 38 எனவும் மற்றோர் அவையில் 166-க்கு 110 எனவும் அத்திட்டம் வென்றது. நெப்போலியன் விரும்பியது பெரும்பாலும் எதிர்ப்பின்றி நிறைவேறிய காலத்தில், இத்தனை பேர் எதிர்த்து வாக்களித்தது குறிப்பிடத்தக்கது. நிகர்மையை விரும்பும் குடியரசு ஒருவரை மற்றவரினும் உயர்த்திக் காட்டலாமா என்ற ஐயம் அன்றே இருந்தது.

1802 மே 19-இல் சட்டம் நிறைவேறியது. 1804 சூலை 15-இல் பாரிசின் இன்வாலிது தேவாலயத்தில் முதல் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அதன் முதல் தலைமை ஆணையராக அமர்த்தப்பட்டவர் படைத்தளபதி அல்லர். லாசெப்பேது என்னும் உயிரியல் அறிஞர் ஆவார்.

மாறாத வடிவம், மாறிய முகம்

இப்பதக்கத்தின் வடிவமைப்பு தனியே ஒரு வரலாற்றுப் பாடம். ஐந்து கரங்கள் கொண்ட வெண்ணிற எனாமல் விண்மீன். ஒவ்வொரு கரத்திற்கும் இரு முனைகள். கரங்களுக்கு இடையே ஓக், லாரல் இலைகள். மேலே சிவப்பு நாடா. சிலுவை வடிவத்தைத் தவிர்த்தமையால் எச்சமயத்தாரும் அணியத்தக்கதாக அஃது அமைந்தது. இவ்வடிவம் 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறவில்லை. ஆனால், நடுவிலுள்ள சிறு வட்டம் ஆட்சிக்கு ஆட்சி மாறியது.

முதலில் அங்கே நெப்போலியனின் முகம் இருந்தது. பின்புறம் கழுகுச் சின்னம். 1814-இல் மன்னராட்சி மீண்டபோது பதினெட்டாம் லூயி அவ்விருதை ஒழிக்கவில்லை. நெப்போலியனின் முகத்தை எடுத்துவிட்டு, நான்காம் என்றி மன்னரின் முகத்தை வைத்தார்; கழுகுக்கு மாற்றாக அரச குலத்தின் லில்லி மலர்கள் வந்தன. 1830-இல் புதிய மன்னர் வந்தார். பின்புறத்தில் மூவண்ணக் கொடிகள் இடம்பெற்றன. 1852-இல் மூன்றாம் நெப்போலியன் பேரரசரானதும் பழைய நெப்போலியனும் கழுகும் திரும்பினர். 1870-இல் குடியரசு மலர்ந்தபோது மன்னர் எவருடைய முகமும் வேண்டா என முடிவாயிற்று. குடியரசை உருவகப்படுத்தும் ஒரு பெண்ணின் முகம் அங்கே அமர்ந்தது. மேலிருந்த மணிமுடியும் நீங்கி, இலைகளாலான வளையம் வந்தது.

உயர்நிலை மாணவர்களுக்கு உலக வரலாறு கற்பிக்கும் நண்பர்கள் இப்பதக்கங்களின் படங்களை வரிசையாகக் காட்டினாலே, பிரான்சின் பத்தொன்பதாம் நூற்றாண்டை விளக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

பெருகியதால் வந்த கேடு

விருதுக்கு மதிப்பு கூடக்கூட அதனை விரும்புவோரும் பெருகினர். 1887-இல் பெரும் அவக்கேடு ஒன்று வெளிப்பட்டது. குடியரசுத் தலைவர் சூல் கிரேவியின் மருமகன் தானியேல் வில்சன், தம் செல்வாக்கைக் கொண்டு இவ்விருதுகளைப் பணத்திற்கு விற்கத் துணைபோனது அம்பலமாயிற்று. மாமனாராகிய குடியரசுத் தலைவர் அவ்வாண்டு திசம்பர் மாதத்தில் பதவி விலக நேர்ந்தது.

விருதை நாடாதவர்களும் இருந்தனர். 1903-இல் அறிவியலறிஞர் பியேர் கியூரிக்கு இவ்விருதை வழங்க முன்வந்தபோது, தமக்கு விருது தேவையில்லை என்றும் ஆய்வுக்கூடமே பெரிதும் தேவை என்றும் மறுமொழி விடுத்தார். மேசை நாற்காலி பற்றாக்குறையான வகுப்பில் நிற்கும் எந்த ஆசிரியருக்கும் அம்மறுமொழி எளிதில் விளங்கும்.

இரு உலகப் போர்களுக்குப் பின் விருது பெற்றோர் எண்ணிக்கை மிகவும் பெருகியது. 1960-களின் தொடக்கத்தில் லெஜியன் ஆஃப் ஹானர் உறுப்பினர்கள் 300,000 பேரைத் தாண்டிவிட்டனர். இது போதாதென்று ஒவ்வோர் அமைச்சும் தனக்கெனத் தனி விருதை உண்டாக்கியது. சமூகத் தொண்டுக்கு ஒன்று, பொதுச் சுகாதாரத்திற்கு ஒன்று, வணிகத்திற்கு ஒன்று, கைவினைக்கு ஒன்று, சுற்றுலாவுக்கு ஒன்று, அஞ்சல் துறைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று எனப் பட்டியல் நீண்டது. சகாரா பாலைவனப் பகுதிக்கென்றே 1958-இல் ஒரு விருது தோன்றியது. நான்கே ஆண்டுகளில், 1962-இல் அல்சீரியா விடுதலை பெற்றது. பாலைவனம் கையைவிட்டுப் போன பின்னும் விருது மட்டும் எஞ்சி நின்றது. குடியேற்ற நாடுகளின் பெயரால் அமைந்த பழைய விருதுகள் மூன்றும் இருந்தன.

1963-இல் நிகழ்ந்த சீரமைப்பு

குடியரசுத் தலைவர் சார்லசு தெ கோல் இதனைச் சீர்செய்ய விரும்பினார். அப்போது லெஜியன் ஆஃப் ஹானரின் தலைமை ஆணையராக இருந்த தளபதி சார்சு கத்ரு இப்பணியை முன்னின்று நடத்தினார். முதற்படியாக, 1962 நவம்பரில் புதிய விதித்தொகுப்பு வெளிவந்தது. லெஜியன் ஆஃப் ஹானரில் உயிருடன் இருக்கும் பிரெஞ்சு உறுப்பினர்கள் 125,000 பேருக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டப்பட்டது. படிப்படியாகக் குறைந்த அவ்வெண்ணிக்கை இன்று ஓர் இலட்சத்திற்கும் கீழே உள்ளது.

வரம்பு கட்டினால் மட்டும் போதாது. தகுதியிருந்தும் அவ்வரம்புக்குள் இடம்பெறாதோரை என்ன செய்வது? 1963 திசம்பர் 3-ஆம் நாள் தேசியத் தகுதி விருது நிறுவப்பட்டது. அமைச்சுகளின் 13 விருதுகளும் குடியேற்ற நாட்டு விருதுகள் மூன்றும் ஆக 16 விருதுகள் நிறுத்தப்பட்டன. முன்னரே பெற்றோர் தத்தம் பதக்கங்களை அணிந்துகொள்ளலாம். புதிதாக எவருக்கும் வழங்கப்படமாட்டா.

கல்வி, வேளாண்மை, கடல்துறை, கலை இலக்கியம் ஆகிய நான்கு துறைகளின் விருதுகள் மட்டும் விட்டுவைக்கப்பட்டன. கலை இலக்கிய விருது தோன்றியது 1957-இல்தான். ஆறே வயதுடைய அவ்விருதும் அன்று வெட்டுண்டிருந்தால், நம் வழக்கில் செவாலியே சிவாஜி என்ற பெயர் தோன்றியே இராது.

தேசியத் தகுதி விருதில் ஐந்து நிலைகள் உள்ளன: செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர் ஆகிய மூன்று படிநிலைகளும், அவற்றுக்கு மேல் இரண்டு பெருஞ்சிறப்புகளும். லெஜியன் ஆஃப் ஹானரிலும் இதே அமைப்பே. தகுதியில்தான் வேறுபாடு. லெஜியன் ஆஃப் ஹானருக்கு 20 ஆண்டுச் சேவை வேண்டும். தேசியத் தகுதி விருதுக்கு இப்போதைய விதிப்படி 35 வயதும் 10 ஆண்டுச் சேவையும் போதும். நடுத்தர வயதினரையும் பலவகைத் தொழிலினரையும் சென்றடைவதே இதன் நோக்கம்.

பொதுவாக எவரும் படிகளைத் தாண்டிக் குதிக்க இயலாது. லெஜியன் ஆஃப் ஹானரில் நம் ஈப்போவில் பிறந்த நடிகை மிசெல் இயோ 2007-இல் செவாலியே, 2012-இல் ஒஃபிசியே, 2017-இல் கொமாந்தர் எனப் படிப்படியாக உயர்ந்ததை இங்கு நினைவுகூரலாம்.

நீல விண்மீன்

புதிய விருதின் பதக்கத்தை வடிவமைத்தவர் மாக்ஸ் லெயோஞானி என்னும் சிற்பி. அவருக்கு முன்னிருந்த சிக்கல் எளியதன்று. புதிய விருது மூத்த விருதின் தங்கை என்பது பார்த்ததும் புலப்பட வேண்டும். அதே வேளையில் இரண்டும் ஒன்றெனக் குழப்பமும் நேரக்கூடாது.

மூத்ததற்கு ஐந்து கரங்கள், இதற்கு ஆறு. அதன் எனாமல் வெள்ளை, இதற்கு நீலம். அதன் நாடா சிவப்பு. இதன் நாடாவும் நீலமே. கரங்களின் இரட்டை முனையும், நடுவில் குடியரசுப் பெண்ணின் முகமும், பின்புறத்தில் மூவண்ணக் கொடிகளும் இரண்டிற்கும் பொது. செவாலியே நிலைக்கு வெள்ளி. அதற்கு மேற்பட்ட நிலைகளுக்குப் பொன்முலாம். செவாலியே பெற்றவர் நாடாவில் தொங்கும் பதக்கத்தை மார்பில் அணிவார். ஒஃபிசியேக்கு அந்நாடாவின் மேல் துணியாலான சிறு வட்டப்பூ சேரும். கொமாந்தர் கழுத்தில் அணிவார்.

நாள்தோறும் பதக்கத்தை அணிவதில்லை. மேற்சட்டையின் கழுத்துப்பட்டியில் நாடாவின் நிறத்தில் மெல்லிய இழை ஒன்றைச் செருகிக்கொள்வர். அறிந்தவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். நம் நாட்டில் டத்தோ, டான் ஸ்ரீ முதலான பட்டங்கள் பெயருக்கு முன்னே வந்து நிற்கின்றன. பிரான்சில் இவ்விருதுகள் பெயருக்கு முன் ஒட்டிக்கொள்வதில்லை. செவாலியே என்பதைப் பெயரின் முன்னொட்டாக ஆக்கிக்கொண்டது நம் தமிழ் வழக்கே ஆகும். இன்னொரு செய்தி: பதக்கத்தைப் பெறுபவரே அதனை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு வழங்குவது சிறப்பை மட்டுமே, பொருளையன்று.

ஆசிரியருக்கு ஓர் ஓலை

தப்பிய நான்கில் ஆசிரியர்களுக்கு உரியது 'கல்விப் பனையோலை விருது'. நெப்போலியன் 1808-இல் பல்கலைக்கழக அமைப்பை உருவாக்கியபோது, சிறந்த ஆசிரியர்களின் அங்கியில் பனையோலைச் சின்னத்தைப் பூவேலையாகத் தைத்துக்கொள்ளும் உரிமையை அளித்தார். 1866-இல் அஃது ஊதா நாடாவில் தொங்கும் பதக்கமாக மாறியது. 1955-இல் மூன்று படிநிலைகள் கொண்ட முறையான விருதாயிற்று. ஓலையில் எழுதிக் கற்ற மரபினராகிய நமக்கு அச்சின்னம் அயலானதன்று.

விருதுக்கும் கல்விக்கும் மற்றோர் உறவும் உண்டு. லெஜியன் ஆஃப் ஹானர் உறுப்பினர்களின் பெண்மக்களுக்காகப் பள்ளி தொடங்க நெப்போலியன் 1805 திசம்பரில் ஆணையிட்டார். எக்குவான் என்னுமிடத்தில் தொடங்கிய முதற்பள்ளிக்கு மதாம் கம்பான் என்னும் புகழ்பெற்ற ஆசிரியை தலைமை தாங்கினார். அம்மரபில் வந்த இரண்டு பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. தேசியத் தகுதி விருது பெற்றோரின் மகளிரும் பேத்தியரும் அங்குப் பயிலலாம்.

நமக்கு என்ன பாடம்?

நம் பள்ளிகளில் பரிசளிப்பு விழாப் பட்டியலைத் தயாரிக்க அமரும்போது இரு குரல்கள் எழுவதுண்டு. முதல் மூன்று நிலையினருக்கு மட்டும் தந்தால் போதும் என்பார் ஒருசாரார். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பார் மற்றொருசாரார். முதற்குரல் வென்றால் ஆண்டுதோறும் அதே பத்துப் பிள்ளைகள் மேடையேறுவர். இரண்டாம் குரல் வென்றால் 'நன்முயற்சி', 'நற்பழக்கம்', 'நல்வருகை' என்று பெயர்களை உண்டாக்கி வெற்றிக்கிண்ணங்களை வாங்கிக் குவிப்போம். வீடு திரும்பும் பிள்ளைக்குத் தான் எதற்காகப் பெற்றோம் என்பதே தெரியாது. பிரான்சின் அமைச்சுகள் 13 விருதுகளை வளர்த்துக்கொண்டதும் நல்லெண்ணத்தினால்தான். அஞ்சல்காரரும் கைவினைஞரும் பாராட்டப்பட வேண்டும் என்பதில் என்ன தவறு?

1963-இல் செய்யப்பட்டதில் இழப்பு இல்லாமல் இல்லை. கைவினைஞருக்கெனத் தொழிலின் பெயரைத் தாங்கிய பதக்கம் மறைந்துவிட்டது. தச்சர் ஒருவருக்குத் தம் தொழிலின் பெயரால் கிடைக்கும் பெருமை, பொதுப்பெயர் கொண்ட பதக்கத்தில் சற்றுக் குறையவே செய்யும். ஆயினும், அன்றுமுதல் தச்சரும் மருத்துவரும் படைத்தளபதியும் அணிவது ஒரே நீல விண்மீனாயிற்று. தச்சருக்குத் தாழ்ந்த பதக்கம், தளபதிக்கு உயர்ந்த பதக்கம் என்ற வேறுபாடு அதில் இல்லை. பதக்கத்தின் வகையைக் குறைத்து, அதனைப் பெறும் வாயிலை அகலத் திறந்தார்கள் என்று இதனை நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. கிண்ணங்களின் வகை குறையட்டும். அவை கணிதத்திற்கும் தேர்வுக்கும் மட்டும் போகாமல், தோட்டத்தைப் பேணிய பிள்ளைக்கும், படிக்கத் திணறும் தோழனுக்கு ஆண்டு முழுவதும் உதவிய பிள்ளைக்கும் அதே கிண்ணமாகச் செல்லட்டும். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறும்போது இன்ன செயலுக்காக இச்சிறப்பு என்று ஒரே ஒரு வாக்கியத்தை அறிவிப்பாளர் உரக்கப் படிக்கட்டும். அவ்வாக்கியத்தை எழுத இயலாத பரிசு ஏதேனும் பட்டியலில் இருக்குமாயின், அதனை நீக்கிவிடலாம்.

அவ்வாண்டில் மேடையேறாத பிள்ளைகளின் பெற்றோர் வருந்துவர். அது மெய்தான். அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது, அடுத்த ஆண்டும் வாயில் திறந்தே இருக்கும் என்பதாகும். அதனை அவர்கள் நம்பும்படி நடந்துகொள்வது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் தங்கள் பள்ளியின் முறையைத் தெரிவித்தால் மகிழ்வேன்.